கற்பூரம் ஒரு மூலக்கூறுத் திண்மம்

1

இந்தக் கதை எனக்குப் பேருந்தில் கிடைத்தது. கடலூர் செம்மண்டலத்தில் குடியிருந்துகொண்டு சிதம்பரத்தில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்ப்பவன் நான். வாரத்தில் ஐந்து நாள் பேருந்தில்தான் என் வாசிப்பு, யோசனை, தூக்கம் எல்லாம். அன்று முன் இருக்கையில் இரண்டு கல்லூரிப் பெண்கள். தேர்வு நாள் போலிருக்கிறது. ஒருத்தி கேட்க, மற்றவள் ஒப்பித்துக்கொண்டு வந்தாள்.

“அயனித் திண்மம்?”

“உப்பு.”

“சகப்பிணைப்புத் திண்மம்?”

“வைரம்.”

“உலோகத் திண்மம்?”

“இரும்பு, தாமிரம், தங்கம்.”

“மூலக்கூறுத் திண்மம்?”

இந்த இடத்தில் ஒப்பித்தவள் நிறுத்தினாள். “கற்பூரம்னு எழுதினா மார்க் குடுப்பாங்களாடி?”

“ஏன் குடுக்காம? புக்குலயே இருக்குதே.”

“இல்லடி, சாமி மேட்டராச்சே. உள்ள எல்லாம் லூசாப் புடிச்சிக்கினு இருக்குன்னு வேற எழுதணும். திருத்தறவங்க கோச்சிக்க மாட்டாங்களா?”

நான் சிரித்துவிட்டேன். இருவரும் திரும்பி முறைத்தார்கள். இறங்கி அலுவலகத்துக்கு நடக்கும்போதே இதை எழுதுவது என்று முடிவுசெய்துவிட்டேன். எதை எழுதுவது என்பது மட்டும் தெரியவில்லை.

2

முதலில் போட்ட திட்டம் இது: நான்கு வகைத் திண்மம், நான்கு மனிதர்கள். உப்பைப் போல ஒருவர், வைரத்தைப் போல ஒருவர், இப்படி. இரண்டு நாள் இதைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். பிறகு, பள்ளி ஆண்டுவிழாவில் பிள்ளைகளுக்கு வேஷம் கட்டிவிடுகிற வேலை இது என்று புரிந்ததும் விட்டுவிட்டேன்.

ஆனாலும் பாடம் பிடித்திருந்தது. எங்கள் தெருவில் இருக்கும் மாலதி டீச்சரிடம் வேதியியல் புத்தகத்தை இரவல் வாங்கிப் படித்தேன். உப்பில் ஒன்று கொடுக்கிறது, மற்றது வாங்கிக்கொள்கிறது. கொடுத்ததாலும் வாங்கியதாலும் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வைரத்தில் ஒவ்வொரு கரியணுவும் நான்கு பக்கத்தாரை இறுக்கிப் பிடித்திருக்கிறது. உலோகத்தில் கதை வேறு. ஒவ்வோர் அணுவும் தன் வெளிக்கூட்டு எலக்ட்ரானைப் பொதுவில் விட்டுவிடுகிறது. அது யாருக்கும் சொந்தமில்லை, எல்லா இடத்திலும் திரிகிறது, அப்படித் திரிவதாலேயே மொத்தமும் கட்டுண்டிருக்கிறது. இதற்கு எலக்ட்ரான் கடல் என்று பெயர். அந்த எலக்ட்ரான்களைப் புத்தகம் ‘உள்ளடங்கா எலக்ட்ரான்கள்’ என்கிறது. அடங்காதது வீட்டைக் கெடுக்கும் என்று கேட்டு வளர்ந்தவன் நான். இங்கே அடங்காததுதான் வீட்டையே நிறுத்தியிருக்கிறது.

(இந்த இடத்தில் ‘கூட்டுக் குடும்பம் போல’ என்று எழுதக் கை வந்தது. அடக்கிக்கொண்டேன்.)

கற்பூரத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் தன்னளவில் முழுசு. பக்கத்து மூலக்கூறோடு இருப்பது லேசான ஈர்ப்பு மட்டும். அதனால்தான் டப்பாவைத் திறந்து வைத்தால் உருகாமலேயே காற்றோடு போய்விடுகிறது. ஆனால் நம் ஊரில் வாய்ச்சொல் போதாது என்று நினைக்கும்போது, மனிதர்களை நம்ப முடியாது என்று நினைக்கும்போது, நாம் தேடிப் போவது இந்தப் பொருளைத்தான். கொளுத்தி வைத்து, உள்ளங்கையால் அணைத்துச் சத்தியம் பண்ணச் சொல்கிறோம். திண்மங்களிலேயே பிடிப்பு குறைந்த ஒன்றை ஏன் சாட்சிக்கு வைத்தோம்?

ஆக, தங்கமும் கற்பூரமும் என்று முடிவாயிற்று. உப்பும் வைரமும் இந்தக் கதையில் வராது. வைரத்துக்கு எனக்குப் பழக்கமும் கிடையாது.

3

தொடக்கங்கள்.

[ஒன்று] ஜான்சியின் தாலி வெள்ளையான அன்று கடலூரில் மழை பிடித்து—

மழை எதற்கு? விட்டேன்.

[இரண்டு] உலோகங்களில் பாதரசம் மட்டும் அறை வெப்பநிலையில் திரவமாக இருப்பது ஏன் என்றால்—

இதைப் படிக்க மாலதி டீச்சரிடமே டியூஷன் போகலாம்.

[மூன்று] “தாலிக்கு எதுக்குடி பிளாஸ்திரி?” என்றாள் கொளஞ்சியம்மாள்.

இது நன்றாக இருக்கிறது. ஆனால் கொளஞ்சியம்மாள் யார், தாலி யாருடையது என்று வாசகர் விழிப்பார். பின்னால் வைத்துக்கொள்கிறேன். நேராகவே சொல்லிவிடுவது நல்லது.

ஜான்சி கடலூரில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. கிறித்தவக் குடும்பம்; அம்மா ஆரோக்கியம்மாளுக்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை தவறினால் அந்த வாரமே ஓடாது. சிதம்பரத்தில் எம்.எஸ்ஸி. படிக்கும்போது உடன் படித்த கதிர்வேலோடு ஜான்சிக்குக் காதல். அவனுக்கு ஸ்ரீமுஷ்ணம் பக்கம் ஊர், விவசாயக் குடும்பம். சிதம்பரம் சாலையில் கடலூருக்குச் சற்று முன்னால் இருக்கும் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ஆலையின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் வேலை. கல்யாணம் ஆகி மூன்று வருடம். இருவரும் கடலூரில் இருக்கிறார்கள்.

கல்யாணத்துக்குக் கதிர்வேலின் அம்மா கொளஞ்சியம்மாள் போட்டது ஒரே நிபந்தனை. “நீ எந்தக் கோயிலுக்கு வேணா போ, நான் கேக்க மாட்டேன். தாலிய மட்டும் கழுத்துல இருந்து எறக்கக் கூடாது.” ஜான்சி சரி என்றாள். மஞ்சள் கயிற்றில் கோத்த சின்னப் பொன் தாலி. சொன்ன சொல்லை மூன்று வருடமும் காப்பாற்றினாள். சிக்கலே அதனால்தான் வந்தது.

4

அன்று வெள்ளிக்கிழமை. பதினொன்றாம் வகுப்பில் உலோகப் பிணைப்பு நடத்தினாள். பாதரசக் குப்பியைக் கொண்டுபோய்க் கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற்றிக் காட்டினாள். பிள்ளைகள் உருண்டு ஓடும் வெள்ளியைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். மணி அடித்தது. எல்லோரும் போனார்கள். ஜான்சி கிண்ணத்தில் இருந்ததைக் குப்பியில் திரும்ப ஊற்றுவதற்குக் குனிந்தாள். சேலைக்குள் இருந்த தாலி வெளியே தொங்கி, கிண்ணத்துப் பாதரசத்தில் பட்டது.

அவ்வளவுதான். அவள் நிமிர்ந்தபோது தாலியின் கீழ்ப்பாதி வெளுத்திருந்தது. துடைத்தாள். துடைக்கத் துடைக்க வெள்ளை மேலே ஏறியது.

(மணி அடித்து எல்லோரும் போன பிறகு என்று எழுதியது வேண்டுமென்றே. நாற்பது பிள்ளைகள் பார்த்திருந்தால் நாற்பது சாட்சி. கதை இங்கேயே படுத்துவிடும்.)

5

தங்கமும் பாதரசமும் இரண்டுமே உலோகங்கள். இரண்டிலும் பொதுவில் திரியும் எலக்ட்ரான்கள் உண்டு. தொட்டால் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துகொள்ளும், கேட்டு அனுமதி வாங்காது. இதற்கு இரசக்கலவை என்று பெயர். மேலே வெள்ளையாகத் தெரியும். உள்ளே தங்கம் அப்படியே இருக்கும். நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் போட்டால் பாதரசம் கரைந்துபோய் மஞ்சள் திரும்பிவிடும்.

மாலதி டீச்சர் இந்தப் பகுதியைப் படித்துவிட்டுக் கேட்டார்: “அப்பறம் ஏன் சார் போடல? லேப்லதானே இருக்கா? ரெண்டு நிமிச வேலை.”

கழற்ற வேண்டுமே, டீச்சர்.

“யாருக்குத் தெரியப் போவுது?”

யாருக்கும் தெரியாது. கழற்றி, அமிலத்தில் போட்டு, கழுவி, மாட்டிக்கொண்டு போயிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஜான்சி அமிலப் புட்டியைக் கையில் எடுத்தாள். பிறகு வைத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை எப்படியும் ஸ்ரீமுஷ்ணம் போகிறோம், அத்தையிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கழற்றலாம் என்று நினைத்தாள். சாயங்காலம் கதிர்வேலிடம் சொன்னாள். அவன் இரவுப் பணிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். “போயிட்டு வந்து பாத்துக்கலாம் வுடு” என்றான்.*

* மாலதி டீச்சரின் இன்னொரு ஆட்சேபம்: பாதரசம் விஷம், அதை ஒரு வேதியியல் ஆசிரியை இரண்டு நாள் கழுத்தில் வைத்திருப்பாளா? நியாயம். அதனால் ஜான்சி தாலியின் மேல் செலோடேப்பைச் சுற்றிக்கொண்டாள் என்று சேர்த்திருக்கிறேன். டீச்சருக்குத் திருப்தியில்லை. ஆனால் அந்த டேப் எனக்கு உதவியது.

6

“தாலிக்கு எதுக்குடி பிளாஸ்திரி?” என்றாள் கொளஞ்சியம்மாள்.

ஞாயிறு காலை. ஊர் வீட்டின் நடுக்கூடம். ஜான்சி குனிந்து தண்ணீர்ச் செம்பை வாங்கும்போது மாமியாரின் கண்ணில் பட்டுவிட்டது. மாமனார் மணவாளன் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கதிர்வேல் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தான்.

“நானே சொல்லணும்னுதான் இருந்தேன் அத்த. லேப்ல பாதரசம் பட்டுடுச்சி. தோல்ல படக் கூடாதுன்னு டேப்பு சுத்தியிருக்கேன்.”

“எடு, பாப்போம்.”

ஜான்சி டேப்பைப் பிரித்தாள். தாலி முழுதும் வெளுத்திருந்தது.

கொளஞ்சியம்மாள் கிட்டே வந்து குனிந்து பார்த்தாள். பிறகு, “வெள்ளையா இல்ல இருக்குது” என்றாள். மகனைப் பார்த்தாள். “டேய், வெள்ளையா இருக்குதுடா.”

“ஆமாம்மா. பாதரசம் பட்டா அப்பிடித்தான் ஆவும்.”

“தங்கம் எப்பிடிடா வெளுக்கும்? நான் கட்டிக்கினு முப்பத்தஞ்சு வருசம் ஆச்சி, வயல்ல கெடந்திருக்கேன், உர மூட்ட தூக்கியிருக்கேன். எனக்கு வெளுத்துச்சா?” திரும்பி ஜான்சியிடம் கேட்டாள்: “உங்கம்மாவுக்கு முட்டி ஆபரேசன்னியே, போன மாசம். எதுல பண்ணீங்க?”

ஜான்சிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் முகம் மாறியது. “கார்டுல பண்ணது அத்த. கவர்மென்ட் இன்சூரன்ஸ் கார்டுல.”

“இல்ல, கேட்டேன். சிதம்பரத்துல எறங்கினா பக்கத்துலயே கவரிங் கடைங்க. இத அடகுல வெச்சிட்டு அதுல ஒன்ன வாங்கி மாட்டிக்கினா யாருக்குத் தெரியும்? கவரிங்குதான் வெளுக்கும்.”

“யம்மா” என்றான் கதிர்வேல். மறுபடி போனைக் குனிந்து பார்த்தான்.

மணவாளன் டிவியின் சத்தத்தைக் குறைத்தார். “வுடு கொளஞ்சி. ஆசாரிகிட்ட குடுத்து ஒரசிப் பாத்தா தெரிஞ்சிட்டுப் போவுது.”

“ஆசாரிகிட்ட குடுக்கணும்னா கழட்டணும். புள்ள கல்லு மாதிரி எதுருல உக்காந்திருக்கறப்ப அவன் கட்டின தாலிய கழட்டறதா? நீங்க பேசாம இருங்க.”

7

இந்த இடத்தில் நான்கு நாள் நின்றேன். கொளஞ்சியம்மாள் என் கையில் வில்லியாகிக்கொண்டிருந்தாள். மாமியார் என்றாலே பேனா தானாக அந்தப் பக்கம் இழுக்கிறது. முதல் பிரதியில் அவள் சாதியைப் பேசினாள், மதத்தைப் பேசினாள், ஒரு வசையும் வைத்திருந்தேன். எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். ஒரு வரியை மட்டும் இங்கே விட்டுவைக்கிறேன்:

“எங்க வூட்டு தெய்வத்துக்கு ஆவாதவ உள்ள வந்தா இப்பிடித்தான்—”

இதை அவள் சொல்லவில்லை. நான் சொல்ல வைத்தேன். மூன்று வருடத்தில் மருமகளை ஒரு கோயிலுக்கும் வா என்று வற்புறுத்தாதவள் அவள். கிறிஸ்துமஸுக்கு ஆரோக்கியம்மாள் கொடுத்தனுப்பும் கேக்கைத் தெருவெல்லாம் பங்கிட்டவள். பணமும் இங்கே பெரிய விஷயமில்லை. ‘அடகு வெச்சேன் அத்த’ என்று ஜான்சி சொல்லியிருந்தால் திட்டியிருப்பாள், மறுவாரம் தானே மீட்டுக் கொடுத்திருப்பாள்.

அவளுக்குப் பயம். மகன் இரவுப் பணி முடித்து லாரி போகிற சாலையில் பைக்கில் வருகிறான். ஆலைக்குள் என்னென்னவோ புகை. ஒவ்வொரு நாளும் காலையில் அவன் குரலைப் போனில் கேட்ட பிறகுதான் அவளுக்குக் காபி இறங்கும். அப்படிப்பட்டவளிடம் போய் அவன் கட்டிய தாலி வெளுத்துவிட்டது என்று காட்டினால், அது கவரிங்காக இருக்கட்டும் என்றுதான் அவள் நினைப்பாள். கவரிங் என்றால் மருமகள் பொய்க்காரி, அவ்வளவோடு போயிற்று. தங்கமே வெளுத்தது என்றால் அது வேறு சமாச்சாரம்.

இதைக் கண்டுபிடித்த பிறகு எனக்கு அவள்மேல் பிரியமே வந்துவிட்டது.

8

அப்புறம் அவள் சாமி மாடத்திலிருந்து சூடத்தை எடுத்து வந்தாள். (புத்தகம் கற்பூரம் என்கிறது. கொளஞ்சியம்மாளுக்குச் சூடம்.) பித்தளைத் தட்டில் வைத்துக் கொளுத்தினாள். தட்டைக் கூடத்தின் நடுவில் வைத்தாள்.

“மாத்தலன்னு இத அணைச்சி சொல்லு. மாத்தினேன்னாலும் சொல்லு, ஒன்னும் பண்ண மாட்டேன். எனக்குத் தெரியணும்.”

ஜான்சி தட்டைப் பார்த்தாள். “நான் மாத்தல அத்த.”

“அணைச்சி சொல்லு.”

“மாத்தலன்னா மாத்தலதான். அதுக்கு மேல எதுக்கு அத்த?”

“எங்க சாமின்னுதானே பண்ண மாட்டேங்கற?”

“இல்லத்த. சிலுவையத் தொட்டு கூட பண்ண மாட்டேன். எங்கம்மா எதுக்குமே சத்தியம் பண்ண வுட்டதில்ல. ஆமான்னா ஆமா, இல்லன்னா இல்ல. அதுக்கு மேல பேசினா அது பொய்க்கு சமம்னு சொல்லித்தான் வளத்தாங்க.”

“பயந்துக்கினு சொல்றியா?”

“எனக்கு என்ன பயம்? நான்தான் மாத்தலயே.”

சொல்லிவிட்டு அவள் மாமியாரைப் பார்க்கவில்லை, கதிர்வேலைப் பார்த்தாள். அவன் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று அவளுக்குத் தோன்றியது. ‘அவ மாத்தலம்மா, எனக்குத் தெரியும்.’ அவ்வளவுதான் வேண்டும். எம்.எஸ்ஸி. படித்தவன், பாதரசத்தைக் கையில் பிடித்தவன். அவன் நம்புகிறானா என்பது மட்டுமே அப்போது அவளுக்குக் கேள்வி. அத்தை நம்பாவிட்டால் பெரிதாக நஷ்டம் ஒன்றுமில்லை. இவன் நம்பாவிட்டால் கடலூருக்குப் போய் யாரோடு குடித்தனம் பண்ணுவது?

கதிர்வேல் போனை அணைத்துச் சட்டைப் பையில் வைத்தான்.

9

சூடம் எரிந்துகொண்டிருக்கட்டும். அதற்குள் சில முடிவுகளைப் பார்த்துவிடலாம்.

முடிவு அ. ஜான்சி அணைத்துவிடுகிறாள். மாலதி டீச்சர் கேட்டதும் இதைத்தான்: “உண்மைதானே சார், ஒரு தட்டு தட்டிட்டுப் போவ வேண்டியதுதானே?” எழுதிப் பார்த்தேன். அவள் கை தட்டுக்கு மேல் வந்து நின்றுவிட்டது. மூன்று வருடம் தாலி விஷயத்தில் மாமியாரின் சொல்லைக் காத்தவள், இருபது வருடம் வளர்த்த அம்மாவின் சொல்லை ஒரு தட்டில் விடுவாள் என்றால் எனக்கே நம்பிக்கை வரவில்லை.

முடிவு ஆ. ஜான்சி எழுந்து பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். வாசலில் திரும்பி ஒரு வசனம் பேசுகிறாள். வசனம் நன்றாகவே வந்திருந்தது. ஜான்சி அப்படிப் பேசுகிறவள் இல்லை.

முடிவு இ. மறுநாள் எல்லோர் முன்னிலையிலும் அமிலத்தில் போட்டு, பொன் மினுங்கி, மாமியார் கட்டிப்பிடித்து அழுகிறாள். படிக்கிறவருக்கு ஆறுதலாக இருக்கும். எனக்கும்தான். ஆனால் கண்ணால் பார்த்துவிட்ட பிறகு நம்புவதற்கு என்ன இருக்கிறது?

இந்த முடிவுகளை மாலதி டீச்சரிடம் படித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, குரலைத் தாழ்த்தி, “உண்மையிலேயே மாத்தலையா சார்?” என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான்காம் பகுதியிலேயே எழுதியிருக்கிறேனே டீச்சர், பாதரசம் பட்டது என்று?

“பட்டுது சரி. அதுக்கு முன்னாடியே மாத்தியிருந்தா? கவரிங்குலயும் பாதரசம் பட்டா வெளுக்கும்ல? நீங்க அதச் சொல்லவே இல்லயே.”

கையில் இருந்தால் எனக்கும் ஒரு சூடம் கொளுத்தியிருப்பார். அன்று சாயங்காலம் முழுதும் கோபமாக இருந்தது. இந்தப் பெண்ணை உண்டாக்கியவனே நான்தான். அவள் மாற்றவில்லை என்று நான் சொல்கிறேன், அது போதாதா? பிறகு யோசித்தால், ஜான்சி சொன்னதும் இதையேதான். நீங்களும் இதுவரை என் வாய்ச்சொல்லை நம்பித்தான் கூட வந்திருக்கிறீர்கள். நான் எதையும் அணைத்துக் காட்டவில்லை.

10

கதிர்வேல் நாற்காலியிலிருந்து எழுந்தான். யாரும் அவனைக் கூப்பிடவில்லை. தட்டின் அருகே குந்தினான். சூடம் பாதி எரிந்திருந்தது. வலது உள்ளங்கையால் ஓங்கி ஒரே அடியாக அணைத்தான்.

“அவ மாத்தல. போதுமா?”

கொளஞ்சியம்மாள் ஓடிவந்து அவன் கையைப் பிடித்தாள். “சாமி, ஏன்டா இப்பிடி அடிச்ச? லேசா வெச்சா போதாதா?” தேங்காய் எண்ணெய் எடுத்துவந்து தடவினாள். அழுதாள். அழுதுகொண்டே ஜான்சியிடம், “மனசுல வெச்சிக்காத யம்மாடி. எனக்கு பயமாயிப் போச்சி” என்றாள். அவள் அழுகையில் கள்ளம் இல்லை. பெற்ற பிள்ளையே சத்தியம் செய்த பிறகு அவளுக்குச் சந்தேகம் ஒரு துளியும் மிச்சமில்லை. மணவாளன் டிவியின் சத்தத்தைக் கூட்டினார். கறிக்குழம்பு வைத்தார்கள். ஜான்சி சாப்பிட்டாள், பாத்திரம் கழுவக் கூடப் போய் நின்றாள்.

எல்லாம் நல்லபடி முடிந்தது. இங்கே நிறுத்தியிருந்தால் பத்திரிகைக்காரர்கள் சந்தோஷமாகப் போட்டிருப்பார்கள்.

11

சாயங்காலம் ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சிதம்பரம் வந்து கடலூர் வண்டிக்காக நின்றார்கள். நல்ல கூட்டம்.

“கை எரியுதா?”

“கொஞ்சம்.”

“உனக்குத் தெரியுமா கதிரு, நான் மாத்தலன்னு?”

“அதான் சத்தியம் பண்ணிட்டேனே.”

“அது பாத்தேன். நான் கேக்கறது வேற. உனக்குத் தெரியுமா?”

கதிர்வேல் பேருந்துகளைப் பார்த்தான். இந்த இடத்தில் அவனுக்கு “தெரியும்” என்று ஒரு வசனம் எழுதிக் கொடுத்தேன். அவன் வாயில் அது நிற்கவில்லை. எழுதியதை அடித்துவிட்டேன்.

“தெரியாது” என்றான். “தெரிஞ்சிருந்தா வாயாலயே சொல்லியிருப்பேன். தெரியல. அதான் கைய வெச்சேன்.”

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தெரியாத ஒன்றுக்காகத் தன் கையைச் சுட்டுக்கொண்டவன் அவளை எவ்வளவு நம்பியிருக்க வேண்டும் என்று ஒரு சமயம் தோன்றுகிறது. நம்பியிருந்தால் கையை ஏன் சுட்டுக்கொள்ள வேண்டும் என்று மறு சமயம் தோன்றுகிறது. ஜான்சிக்கும் இரண்டும் தோன்றியிருக்கும். அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது.

அவள் கழுத்துக்குள் கைவிட்டு, மஞ்சள் கயிற்றைத் தலை வழியாகக் கழற்றினாள். அத்தனை கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. அவன் எண்ணெய் தடவிய கையை விரித்து அதில் தாலியை வைத்தாள்.

“ஏய், என்ன பண்ற?”

“உன் லேப்ல நைட்ரிக் ஆசிட் இருக்குதுல்ல? போட்டுப் பாரு. தங்கம்னா மஞ்சளா நிக்கும், கவரிங்குன்னா கரைஞ்சு பச்சையா ஆயிடும். உனக்கு நான் சொல்லித் தரணுமா? ஆனா பாத்தன்னா எனக்குச் சொல்லாத. என்ன ஆச்சின்னு நானும் கேக்க மாட்டேன்.”

“பாக்கலன்னா?”

“இப்பிடியே கட்டு. வெள்ளையாவே கட்டிக்கறேன். உங்கம்மாகிட்ட நான் பேசிக்கறேன்.”

கடலூர் வண்டி வந்தது. ஜான்சி முன் படியில் ஏறிப் பெண்கள் பக்கம் உட்கார்ந்துகொண்டாள். கதிர்வேலுக்குப் பின் படியில்தான் இடம் கிடைத்தது. நடுவில் நெருக்கியடித்த கூட்டம். அவனால் அவளைப் பார்க்க முடியவில்லை. இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வலது கையை மூடியபடி நின்றான். மூடிய கை எரிந்தது.

அவன் ஆலை வழியில்தான் இருக்கிறது. ஞாயிறானாலும் ஆய்வகம் திறந்திருக்கும், தெரிந்தவர்கள் பணியில் இருப்பார்கள். கேட்டால் எதையாவது மறந்து வைத்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இல்லாவிட்டால் நேரே வீட்டுக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, அவளைத் திரும்பி உட்காரச் சொல்லி மூன்று முடிச்சு. இரண்டையும் எழுதினேன். இரண்டும் சரியாகவே வந்தன, அதனால் இரண்டையும் எடுத்துவிட்டேன்.

“சிப்காட்டெல்லாம் எறங்கு” என்றார் நடத்துநர். வண்டி நின்றது. பின் படியில் யாரோ இறங்கும் சத்தம் கேட்டது. விசில் அடித்து வண்டி கிளம்பியது. ஜான்சி திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்ப்பதென்றால் இனி நீங்கள்தான் பார்க்க வேண்டும்.